இடுப்பைப் பிடிக்க ஒரு ஆள்

எனக்குக் கோபம் வரும். அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. தொழிலை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகு அந்தக் கோபத்துக்கு வேலை குறைந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு காலத்தில் லாரிக்காரன் சட்டையைப் பிடித்து உலுக்கிய கை இன்றைக்குப் பால் பாக்கெட்டைப் பிய்த்து மேசையெல்லாம் கொட்டுகிறது. தொழிலை விட்ட புதிதில் ஒரு நாள் டிவி ரிமோட்டைச் சுவரில் விட்டெறிந்தேன்.

"அது என்னங்க பண்ணிச்சு, பாவம்? பேட்டரிதான தீந்துபோச்சு" என்றாள் என் வீட்டுக்காரி, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே. "பேசாம உங்க பிரேக்குக்கு ஒரு போனப் போடுங்க. ரெண்டு பேரும் எங்கயாவது போய் ஊர்வம்பு பேசிட்டு வாங்க. எனக்கு வீட்டுல நாலு பாத்திரமாவது மிஞ்சும்."

பிரேக் என்பது என் சிநேகிதன். நானும் அவனும் கூட்டாக ஐஸ் ஃபேக்டரி நடத்தினோம். லாரி டிரைவர்கள் எனக்கு இன்ஜின் என்றும் அவனுக்கு பிரேக் என்றும் பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பேங்க்கில் கையெழுத்துப் போடும்போதுதான் எங்களுக்கே நினைவு வரும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. தொழில் தொடங்கிய புதிதில் மீன் மார்க்கெட் ஏலக்காரர் ஒருவர் எங்கள் முதல் லோடைத் திருப்பியடித்தார். "இது ஐஸா? எச்சி துப்புனா கரைஞ்சிடும்" என்று ஒரு பாளத்தைக் காலால் எட்டி உதைத்தார். ராத்திரி பகலாகக் கண்விழித்து உறையவைத்த பாளம். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாளம் இழுக்கிற இரும்புக் கொக்கியைத் தூக்கி அவர் மண்டையைப் பார்த்து ஓங்கிவிட்டேன். இறங்கியிருந்தால் அன்றைக்கே ஒரு கொலை. பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து என் இடுப்பைச் சுற்றி வளைத்து, அப்படியே என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டன. கொக்கி காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. ஏலக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. என்னை ஓரமாக உட்காரவைத்துவிட்டு என் சிநேகிதன் அவர் தோளில் கைபோட்டு டீக்கடைக்கு அழைத்துப் போனான். டீ ஆறுவதற்குள் மார்க்கெட் முழுவதற்கும் ஐஸ் நாங்கள்தான் என்று பேசி முடித்துவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதற்குப் பிறகு அதுவே எங்கள் தொழில்முறை ஆகிவிட்டது. வழிக்கு வராத ஆள் எதிரே உட்கார்ந்தால் நான் ஓங்குவேன், அவன் பிடிப்பான், பிறகு பேச்சு. அதில் அவன் வைத்த சட்டம் ஒன்றே ஒன்று.

"ஓங்குனா முழுசா ஓங்குடா. நடிக்காத. எதிர்ல நிக்கிறவன் எல்லாம் கரைகண்டவன், பொய்யா ஓங்குனா கண்டுபுடிச்சிடுவான். அடிக்கிறது உன் வேலை. அது விழாம பாத்துக்கறது என் பாடு."

நானும் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் கொல்கிற வெறியோடுதான் ஓங்கினேன். ஒரு தடவை லோடு ஏற்றும் ஆட்களின் தலைவன் ஒருவன், குடித்துவிட்டு சைக்கிள் செயினைச் சுற்றிக்கொண்டு ஃபேக்டரிக்குள் புகுந்தான். முதல் வீச்சே என் சிநேகிதன் நெற்றியில். தோல் பிளந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. நான் கொக்கியோடு பாய்ந்தேன். சத்தியமாக அன்றைக்கு அது நாடகமே இல்லை. அந்தக் குடிகாரன் குடலை உருவிப் போட்டிருப்பேன். அப்போதும் என் சிநேகிதன் கண் தெரியாமல் தடவிக்கொண்டே வந்து இடுப்பைப் பிடித்தானே, அவன்தான் மனுஷன். என் முதுகுச் சட்டையெல்லாம் அவன் ரத்தம்.

சொன்னால் நம்பமாட்டீர்கள். ஊரையே நடுங்கவைத்த நான், தொழில் நடத்திய காலம் முழுக்க ஒரு ஆளைக்கூட அடித்ததில்லை. ஒரு அடிகூட யார் மேலும் விழுந்ததில்லை. தொழிலில் ஜெயித்தவர்கள் உழைப்பு, நேர்மை, நல்ல நேரம் என்று மேடையேறிப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம்.

முட்டி தேய்ந்து, அம்மோனியா வாடை நெஞ்சில் தங்கி, இரண்டு பேரும் ஒன்றாகவே விலகிக்கொண்டோம். என் பெண்கள் கல்யாணமாகித் தூரதேசம் போய்விட்டார்கள். ஃபேக்டரி அவன் மகன் கைக்குப் போனது. அவனை எல்லோரும் சின்னவன் என்போம். உப்புத்தண்ணியில் இறக்கி ஐஸ் கட்டும் தகர டப்பாக்களுக்கு நடுவே தவழ்ந்து வளர்ந்த பிள்ளை. என்னைப் பெரியப்பா என்பான். என் தோளில் உட்கார்ந்து என் காதைத் திருகிக்கொண்டேதான் ஊர் பார்த்தான்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே சலூன். ஒன்றாகவே போவோம். நான் நாற்காலியில் உட்கார்ந்தால் அவன் பேப்பர் படிப்பான், அவன் உட்கார்ந்தால் நான் முடிதிருத்துகிறவரை வம்புக்கு இழுப்பேன். ஒரு நாள் அவன் தலைமேல் சீப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கை நின்றுவிட்டது.

"ஐயா, காதுக்குப் பின்னால தையல் போட்டிருக்கே. ஆறவே இல்லையே?"

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். காதின் அடி கிழிந்து தைத்திருந்தது. கழுத்துத் துணியை விலக்கினேன். பிடரியில் நாலு விரல் கன்றிப்போய் நீலமாகப் பதிந்திருந்தது. விரல் தடத்துக்கும் வேறு காயத்துக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்?

"யாருடா?"

"ஒண்ணுமில்லடா. வயசாச்சு, தொட்டாலே கன்னிப்போகுது."

"தொட்டது யாருன்னு கேட்டேன்."

"முடி வெட்டவிடு. அவர் நிக்கிறாரு பாரு" என்று கண்ணை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. மறுநாள் காலை நேராக ஃபேக்டரிக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே சின்னவன் சத்தம் வாசல்வரை கேட்டது. கம்ப்ரசர் பக்கத்தில் அப்பனும் மகனும். சத்தம் வித்தியாசமாக வருகிறதே என்று கிழவன் வால்வை ஒரு திருகு திருகியிருக்கிறான். கை பழகிய இடம், சும்மா இருக்குமா?

"உன்ன யாரு தொடச் சொன்னது? எத்தன தடவ சொல்றது? காதுல என்ன அடைச்சு வச்சிருக்க?"

"சத்தம் சரியில்ல தம்பி, அதான்..."

பளார் என்று விழுந்தது. லோடு ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது அவர்களுக்குப் புதிதில்லை என்று அந்தக் குனிவிலேயே தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி தெறித்து ஈரத்தரையில் வழுக்கிக்கொண்டு போனது. என் சிநேகிதன் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் துழாவினான். துழாவுகிற கையைச் சின்னவன் பூட்ஸ் காலால் மிதித்து ஒரு நசுக்கு நசுக்கினான். ஐயோ என்றுகூடக் கிழவன் சத்தம் போடவில்லை. பழகிப்போயிருந்தான்.

நான் ஓடினேன். என் முட்டிக்கு அது ஓட்டம். சின்னவன் என்னைப் பார்த்ததும் "வாங்க பெரியப்பா, டீ சொல்லவா?" என்று ஒன்றுமே நடக்காத மாதிரி ஆபீஸ் அறைக்குள் போய்விட்டான்.

என் சிநேகிதனை இழுத்துக்கொண்டு வந்து என் காரில் உட்காரவைத்தேன். விரல்கள் வீங்கிக்கொண்டு வந்தன.

"எவ்வளவு நாளா நடக்குது?"

"அவன் பொண்டாட்டி கோச்சிக்கிட்டுப் போனதுல இருந்துடா. தொழில்லயும் நெருக்கடி. யார்மேல காட்டுவான்? நான்தான இருக்கேன்."

"மயிரு. இப்பவே என் வீட்டுக்கு வா. மாடி ரூம் காலியாத்தான் கெடக்கு. என் வீட்டுக்காரி உன்னத் தலைமேல வச்சுத் தாங்குவா."

"அவனத் தனியா விட்டுட்டா? குடிச்சிட்டு வந்தா வாந்தியத் துடைக்கக்கூட ஆள் இல்லடா."

"அடுத்த அடில நீ செத்துடுவடா, லூசு!"

கத்திவிட்டு நான்தான் அழுதேன். அவன் அழவில்லை. இந்தக் கிழவனை உயிரோடு அங்கிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அல்லது அந்த அடியை நிறுத்த வேண்டும். எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன். போனால் உன் மூஞ்சியில் முழிக்கமாட்டேன் என்றான். விரலை நீவிக்கொண்டிருந்தவன் சட்டென்று திரும்பினான்.

"ஒண்ணு பண்ணு. பழைய மாதிரி வந்து ஓங்கு. சின்ன வயசுல இருந்தே உன் கோவம்னா அவனுக்கு நடுக்கம். ஒரு தடவ பயந்தான்னா என்மேல கை வைக்க யோசிப்பான்."

"ஓங்குனா நான் முழுசாத்தான் ஓங்குவேன். தெரியும்ல?"

"நான் எதுக்கு இருக்கேன்? பிடிச்சுக்கறேன்."

அதைச் சொல்லும்போது பழைய சிரிப்பு ஒன்று அவன் முகத்தில் வந்தது. எனக்கும் வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ஓய்வு என்கிற பேரில் மூலையில் கிடந்த இரண்டு கிழங்களுக்கு மறுபடி ஒரு வேலை கிடைத்த சந்தோஷம் அது.

அடுத்த நாள் மத்தியானம், லோடு போய் ஆட்கள் சாப்பிடக் கிளம்பிய நேரமாகப் பார்த்துப் போனோம். சின்னவன் லோடு மேடை ஓரத்தில் உட்கார்ந்து போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். நான் முன்னால், என் சிநேகிதன் வழக்கமான இடத்தில், எனக்கு ஒரு முழம் பின்னால்.

"எழுந்திருடா" என்றேன்.

"என்ன பெரியப்பா?"

"பெத்தவன அடிக்கிறியாமே. என்ன அடி பாப்போம்."

"அப்பா சொன்னாரா?" என்று என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே அன்றைய ராத்திரிக்கான அடி இருந்தது. "இது எங்க வீட்டு விஷயம் பெரியப்பா. நீங்க போய் மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க."

பாளம் உடைக்கிற மரச்சுத்தியல் மேடைமேல் கிடந்தது. எடுத்தேன். கனமான தலை, நீளக் காம்பு. எடுத்த வேகத்திலேயே பழைய சூடு உச்சந்தலைக்கு ஏறியது.

"இனி அவன் மேல ஒரு விரல் பட்டுச்சு, உன்ன இங்கயே பொளந்து உப்புத்தண்ணித் தொட்டிக்குள்ள போட்டுடுவேன்!"

சின்னவன் பயப்படவில்லை. சிரித்தான். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"ஐயோ பெரியப்பா! இந்த டிராமாவப் பாத்துத்தான நான் வளர்ந்தேன். எத்தன பேருகிட்ட பண்ணிருப்பீங்க! சரி, ஓங்குங்க. நான் நிக்கிறேன், நகரமாட்டேன்." எழுந்து நின்று கன்னத்தை நீட்டினான். "அப்பா, ரெடியா இருங்க. பிடிங்க, நல்லா பிடிங்க. பெரியப்பா கீழ விழுந்து கிழுந்து வைக்கப் போறாரு."

என் சிநேகிதன் ரத்தம் என் முதுகில் ஊறியதே, அதையா இவன் டிராமா என்கிறான்? நசுங்கிய அந்த விரல்களை வைத்துக்கொண்டா இவன் பிடிக்கச் சொல்கிறான்? நான் ஓங்கினேன். பாதி இல்லை, முழுசாக. இரண்டு கையாலும், இடுப்பைத் திருப்பி, உடம்பில் மிச்சமிருந்த அத்தனை வருஷத்தையும் சேர்த்து. தோள் இறங்குகிற அந்த நொடியில் அவன் கை வரும். இத்தனை காலத்தில் ஒரு தடவைகூட வராமல் இருந்ததில்லை.

வரவில்லை.

சத்தம் ஐஸ் உடைகிற சத்தம் இல்லை. அதைவிட மெத்தென்று, உள்ளே ஏதோ நொறுங்குகிற சத்தம். சின்னவனின் தாடை ஒரு பக்கமாகப் போய்விட்டது. வாயிலிருந்து ரத்தமும் பல்லும் என் சட்டைமேல் தெறித்தன. சிரிப்பு முழுசாக மறைவதற்குள் மேடை விளிம்பில் தலை மோத விழுந்தான். ஈரத்தரையில் ரத்தம் சரசரவென்று ஓடி வடிகாலைத் தேடிக்கொண்டது. அவன் கால் மட்டும் உதறிக்கொண்டே இருந்தது. தொண்டையிலிருந்து ஒரு கொப்பளிக்கிற சத்தம்.

நான் திரும்பினேன். என் சிநேகிதன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தான்.

பிறகுதான் அலறினான். "ஐயோ, என் புள்ள! என் சாமி!" என்று தரையில் விழுந்து, அவன் தலையை மடியில் எடுத்து, வாய்க்குள் விரலை விட்டு ரத்தக்கட்டியையும் பல்லையும் தோண்டித் தோண்டி எடுத்தான். மூச்சு வந்தது. அவன் அப்படிச் செய்திருக்காவிட்டால் சின்னவன் அங்கேயே போயிருப்பான். நான் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரரிடம் நான் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "மேடையில இருந்து விழுந்துட்டான் சார், ஐஸ் ஃபேக்டரித் தரை." நான்தான் அடித்தேன் என்று சொல்லப் போன என்னை ஒரு பார்வையிலேயே நிறுத்திவிட்டான். நான் சொன்னால் எதற்காக அடித்தேன் என்று கேட்பார்கள். அவனுக்கு அது வேண்டாம். மகனை விட்டுக்கொடுக்க அவனுக்கு எப்போதுமே வராது.

தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஒரு பக்கக் காது கேட்காமல் போய்விட்டது. இடது கை தூக்க வரவில்லை, வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, போகவா வேண்டாமா என்று நான் வாசல்வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

"போய்ட்டு வாங்க. நீங்க போகாம வேற யாரு போவா?" என்று என் வீட்டுக்காரி பழத்தைப் பையில் போட்டுக் கொடுத்தாள். எல்லாம் தெரிந்தவள், வாசல்வரை வந்து என் செருப்பை எடுத்து வைத்தாள்.

அவன் வீட்டு மாடி ஏறிப் போனேன். கதவு திறந்தே இருந்தது. கட்டிலில் சின்னவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் என் சிநேகிதன், கையில் பால் டம்ளர், அதில் ஒரு உறிஞ்சுகுழல். என்னைப் பார்த்ததும் சின்னவன் தொண்டைக்குள் ஒரு சத்தம் எழுப்பினான். கம்பிக்குள்ளிருந்து வேறு சத்தம் வராது. நல்ல கையால் அப்பன் சட்டையைப் பற்றிக்கொண்டு அவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினான். உடம்பு வெடவெடவென்று ஆடியது. எத்தனையோ பேரைப் பயமுறுத்திச் சம்பாதித்திருக்கிறேன். உண்மையான பயம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

என் சிநேகிதன் டம்ளரை வைத்துவிட்டு என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். விரல் வீக்கம் வடிந்திருந்தது. காதுத் தையலைப் பிரித்திருந்தார்கள். முகத்தில் புதுக் காயம் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்து எனக்கு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியை நினைத்து உடனே அருவருப்பும் வந்தது.

"ஏன்டா பிடிக்கல?" என்றேன். "கை வலியா? பிடிக்க முடியலயா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"அவன் சிரிச்சான்ல. என்னப் பிடிக்கச் சொல்லிட்டுச் சிரிச்சான்ல. ஒண்ணு விழட்டும்னு தோணிடுச்சுடா. ஒரே ஒண்ணு. எனக்கு எவ்வளவு விழுந்திருக்கு, அவனுக்கு ஒண்ணு விழட்டும்னு கையக் கட்டிக்கிட்டேன்." வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "ஒரு வீக்கம் வரும், ரெண்டு நாள்ல போயிடும்னு நினைச்சேன். உன் அடி இப்படி இருக்கும்னு எனக்கு எப்படிடா தெரியும்? ஒரு தடவையாவது விழ விட்டிருக்கேனா?"

எனக்கே தெரியாதே என்று சொல்ல வந்தேன். அவன் தோளில் கை வைக்கப் போனேன். பின்னால் நகர்ந்துகொண்டான்.

"நீ வராதடா இனிமே."

"அவன் சரியாகற வரைக்கும் வரல. அப்புறம்..."

"எப்பவும் வராத. உன்மேல கோவம் இல்ல. சத்தியமா இல்ல. நீ எதிர்ல வந்து நின்னா நான் கையக் கட்டிக்கிட்டு நின்னதுதான் தெரியுது. அத வச்சுக்கிட்டு நான் எப்படிடா அவனுக்குச் சோறு ஊட்டறது?"

உள்ளேயிருந்து கட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது. அவன் ஓடினான். பழப்பையை வாசலில் வைத்துவிட்டு இறங்கினேன். நாலு படிதான் இறங்க முடிந்தது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன், அவனுக்குக் கேட்கக்கூடாது என்று. மேலே அவன் குரல் மட்டும் தெளிவாக வந்தது, குழந்தையிடம் பேசுகிற குரல்.

"குடி தம்பி, இன்னும் ஒரு வாய். ஒண்ணுமில்ல, நடுங்காத. பெரியப்பா போயிட்டாரு. இனிமே வரமாட்டாரு."